சென்டர்களை எப்படி வரிசைப்படுத்துவது? சிமுலேஷன் கூடைப்பந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், நான் கணினியில் நடத்திவரும் சிமுலேஷன் கூடைப்பந்து லீக்கின் பத்துச் சிறந்த சென்டர்களை, அதாவது வளையத்தருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர்களை, வரிசைப்படுத்தி எழுதியிருந்தேன். 30 அணிகள், அணிக்கு 82 ஆட்டங்கள் கொண்ட லீக் அது. ஆட்டக்காரர்கள் அனைவரும் கணினி உருவாக்கிய கற்பனை மனிதர்கள் என்பதால், அவர்களைச் சட்டை எண்ணாலேயே குறிப்பிடுகிறேன். அதிகப் புள்ளி எடுக்கும் சென்டரான 41-ஆம் எண்காரரை ஐந்தாம் இடத்திலும், ஆட்டத்துக்கு ஒன்பது புள்ளியைத் தாண்டாத 17-ஆம் எண்காரரை இரண்டாம் இடத்திலும் வைத்தது பலருக்குப் பிடிக்கவில்லை. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே பேசுவதால், முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆட்டத்துக்கு 24 புள்ளி எடுப்பவருக்கு ஐந்தாம் இடம், 9 புள்ளி எடுப்பவருக்கு இரண்டாம் இடம் என்றால், இது கூடையில் பந்தைப் போடும் விளையாட்டுத்தானா என்ற ஐயம் எழுகிறது. விளக்குவீர்களா?

பதில்: ஐயமே வேண்டாம், கூடையில் பந்தைப் போடும் விளையாட்டுத்தான். ஆனால் ஒருவர் எத்தனை புள்ளி எடுத்தார் என்று கேட்கும் நாம், அதற்காக அணியின் எத்தனை வாய்ப்புகளைச் செலவழித்தார் என்று கேட்க மறந்துவிடுகிறோம். 41-ஆம் எண்காரர் ஆட்டத்துக்கு 22 ஷாட்டும் 6 ஃப்ரீ த்ரோவும் (எதிரணியின் ஃபவுலுக்கு, அதாவது விதிமீறலுக்கு, ஈடாகத் தடையின்றி எறியக் கிடைப்பது) எறிகிறார். ஒரு ஃப்ரீ த்ரோவை 0.44 வாய்ப்பாகக் கொள்வது கூடைப்பந்துக் கணக்கர்களின் வழக்கம். ஃப்ரீ த்ரோக்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகக் கிடைத்தாலும், கூடை விழுந்த பிறகு உபரியாகக் கிடைக்கும் ஒற்றை எறிதல் புதிதாக எந்த வாய்ப்பையும் செலவழிப்பதில்லை என்பதால், அந்த எண் பாதியைவிடச் சற்றுக் குறைவாக வருகிறது. இந்தக் கணக்குப்படி அவர் 24.6 வாய்ப்புகளைச் செலவழித்து 24 புள்ளி ஈட்டுகிறார். என் லீக்கின் சராசரி ஆட்டக்காரரிடம் அதே வாய்ப்புகளைக் கொடுத்திருந்தால் 28 புள்ளி வந்திருக்கும். 17-ஆம் எண்காரரோ 5 ஷாட்டும் 3 ஃப்ரீ த்ரோவும் எறிந்து, அதாவது 6.3 வாய்ப்பைச் செலவழித்து, 9 புள்ளி தருகிறார். சராசரி ஆட்டக்காரர் அதில் 7.2 புள்ளிதான் எடுத்திருப்பார். ஒருவர் அணிக்கு நான்கு புள்ளி நட்டம் வைக்கிறார், மற்றவர் ஏறத்தாழ இரண்டு புள்ளி லாபம் தருகிறார்.

இந்தக் கணக்கை இப்படியே விட்டுவிட்டால் 41-ஆம் எண்காரருக்கு அநீதி இழைத்தவனாவேன். 24 விநாடிக் கடிகாரம் முடியப்போகும் வேளையில், வேறு யாருக்கும் வழி கிடைக்காதபோது, பந்து அவர் கைக்குத்தான் வருகிறது; யாரோ ஒருவர் எறிந்தே தீரவேண்டிய அந்தக் கெட்ட ஷாட்டுகள் எல்லாம் அவர் கணக்கில் எழுதப்படுகின்றன. 17-ஆம் எண்காரர் எறிவதோ வளையத்துக்கு அடியில் நின்று அழுத்திப் போடும் பந்துகள் மட்டுமே. ஆகவேதான் முன்னவரைப் பட்டியலிலிருந்து தள்ளாமல் ஐந்தாம் இடத்தில் நிறுத்தினேன்.

புள்ளிகளைக் கண்டு மயங்காதவர்கள் முன்பும் இருந்தார்கள். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏவில், 1961–62 சீசனில் வில்ட் சேம்பர்லின் என்ற சென்டர் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளியும் 25.7 ரீபவுண்டும் (தவறிய ஷாட்டின் பந்தைப் பற்றுவது) எடுத்தார். அந்தப் புள்ளிச் சராசரியை இன்றுவரை வேறு யாரும் நெருங்கவில்லை. அந்த ஆண்டின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதுக்கு அப்போது சக ஆட்டக்காரர்களே வாக்களித்தனர். அவர்கள் தேர்ந்தெடுத்தது ஆட்டத்துக்கு ஏறத்தாழ 19 புள்ளி எடுத்த பாஸ்டன் அணியின் பில் ரஸ்ஸலை. சாம்பியன் பட்டமும் பாஸ்டனுக்கே போனது. எதிரே நின்று ஆடியவர்களின் தீர்ப்பு அது என்பதால் எனக்கு அதில் மதிப்பு அதிகம்.

கேள்வி: மென்பொருளே ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஓவரால் ரேட்டிங் தருகிறது. அதை இறங்குவரிசையில் அடுக்கினால் ஒரு நொடியில் பட்டியல் தயார். இத்தனை கணக்கு எதற்கு?

பதில்: ஓவரால் ரேட்டிங் என்பது உயரம், வலிமை, குதிக்கும் திறன், எறிதல், ரீபவுண்டு, தற்காப்பு அறிவு என்று பல தனித்திறன்களைச் சில எடைகளால் பெருக்கிக் கூட்டிய ஒற்றை எண். அந்த எடைகள் சராசரியாக ஓர் அணிக்கு எது உதவும் என்பதைப் பொறுத்து வகுக்கப்பட்டவையே தவிர, சென்டருக்கென்றே வகுக்கப்பட்டவை அல்ல. ஒரே ரேட்டிங் பெற்ற இரண்டு சென்டர்களில் ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதில் வல்லவராகவும், மற்றவர் வளையத்தைக் காப்பதில் வல்லவராகவும் இருக்கக்கூடும். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் நல்ல கார்டு இருக்கும் அணியில் முன்னவரின் திறமை பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

கூடைப்பந்துப் புள்ளிவிவர எழுத்தாளர் ஜான் ஹாலிங்கர் வகுத்த பிஇஆர் என்னும் திறன் மதிப்பீட்டையும் சிலர் பரிந்துரைத்திருக்கிறார்கள். லீக்கின் சராசரி எப்போதும் 15 என்று வரும்படி அமைக்கப்பட்ட அந்த எண், தாக்குதலை நன்றாகவே அளக்கிறது. தற்காப்பில் அதற்குக் கண் தெரிவது பிளாக் (எதிரி எறிந்த பந்தைத் தட்டிவிடுவது), ஸ்டீல் (எதிரியின் பந்தைப் பறிப்பது), தற்காப்பு ரீபவுண்டு, ஃபவுல் ஆகியவை மட்டுமே. வளையத்தைக் காத்து நிற்பதற்கே சம்பளம் வாங்கும் ஒருவரை அதைக்கொண்டு முழுதாக அளந்துவிட முடியாது. நான் அதைப் பார்க்கிறேன், ஆனால் அதன்படி அடுக்குவதில்லை.

கேள்வி: 26-ஆம் எண்காரர் ஆட்டத்துக்கு 14 ரீபவுண்டு எடுத்து லீக்கில் முதலிடத்தில் இருக்கிறார். அவரை நான்காம் இடத்துக்கு இறக்கியதற்கு என்ன காரணம்?

பதில்: ரீபவுண்டு எடுக்க வேண்டுமானால் முதலில் யாராவது ஷாட்டைத் தவறவிட வேண்டும். 26-ஆம் எண்காரரின் அணி வேகமாக ஆடும் அணி. அங்கே இரு தரப்பும் நிறைய எறிகின்றன, நிறையத் தவறவிடுகின்றன. ஓர் ஆட்டத்தில் அவர் களத்தில் இருக்கும் நேரத்தில் 100 ரீபவுண்டுகள் கிடைக்க, அவற்றில் 14-ஐ அவர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மெதுவாக ஆடும் வேறோர் அணியின் சென்டர் 84-இல் பன்னிரண்டரை எடுக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். முதலாமவரின் பங்கு 14 சதவீதம், இரண்டாமவரின் பங்கு 15 சதவீதத்தை ஒட்டி வருகிறது. எண்ணிக்கையில் பின்தங்கியவர் பங்கில் முந்திவிடுகிறார்.

சேம்பர்லினின் 25.7 ரீபவுண்டையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஓர் அணிக்கு ஆட்டமொன்றுக்கு 70-க்கும் மேற்பட்ட ரீபவுண்டுகள் கிடைத்தன. இன்றைய என்பிஏவில் அது சுமார் 44. போதாக்குறைக்கு, 48 நிமிட ஆட்டத்தில் அவர் அந்த சீசன் முழுவதும் சராசரியாக 48.5 நிமிடம் ஆடினார். கூடுதல் நேரத்துக்குச் சென்ற ஆட்டங்களால் வந்த அரை நிமிடம் அது. அவருடைய பெருமையை இதனால் குறைக்கவில்லை, 1962-இன் எண்ணை இன்றைய லீக்கில் தேடக்கூடாது என்கிறேன்.

பங்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. 2016–17 சீசனில் ஓக்லஹோமா அணியின் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் கார்டாக இருந்துகொண்டே ஆட்டத்துக்கு 10.7 ரீபவுண்டு எடுத்தார். அதே அணியின் சென்டர் ஸ்டீவன் ஆடம்ஸுக்குக் கிடைத்தவை 7.7 மட்டுமே. எதிரணியின் பெரிய உடம்புகளை முதுகால் தள்ளி நிறுத்திவைத்தவர் ஆடம்ஸ். காலியான இடத்துக்கு ஓடிவந்து பந்தைப் பற்றியவர் வெஸ்ட்புரூக். சிமுலேஷனில் இந்தத் தள்ளுமுள்ளு பெரும்பாலும் இல்லை. ஷாட் தவறியதும், களத்தில் இருக்கும் பத்துப் பேரின் ரீபவுண்டு ரேட்டிங்குக்கு ஏற்ற எடையில், ஆட்டத்தை ஓட்டும் மென்பொருள் எஞ்சின் ஒரு குலுக்கல் நடத்துகிறது, சீட்டு விழுந்தவருக்குப் பந்து. ஆகவே சுற்றிலும் ரீபவுண்டில் பலவீனமானவர்கள் இருக்கும் சென்டருக்கு எண்ணிக்கை தானாக ஏறும். 26-ஆம் எண்காரரின் நிலை அதுதான். அவர் வெளியே அமரும்போது அணியின் மொத்த ரீபவுண்டுப் பங்கு எவ்வளவு சரிகிறது என்று பார்த்தேன். நான் எதிர்பார்த்த அளவுக்குச் சரியவில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். தாக்கும் அணி தான் தவறவிட்ட ஷாட்டுகளில் பொதுவாக நான்கில் ஒன்றைச் சற்று ஒட்டியே மீட்கிறது. அரிதாகக் கிடைப்பது என்பதால் தாக்குதல் ரீபவுண்டின் விலையும் அதிகம். 1978–79-இல் மோசஸ் மலோன் ஒரே சீசனில் 587 தாக்குதல் ரீபவுண்டு எடுத்தார். அப்படி ஒருவர் உங்கள் லீக்கில் இருந்தால், அவருடைய மொத்த எண்ணிக்கையைப் பாராமல் பட்டியலில் மேலே ஏற்றுங்கள்.

கேள்வி: தற்காப்பில் சிறந்த சென்டர் யார் என்று அறிய பிளாக் எண்ணிக்கை போதாதா?

பதில்: போதாது. பிளாக் என்பது, எதிரி துணிந்து எறிந்த பிறகு நடப்பது. எறியவே துணியாமல் திரும்பிப்போன பந்துகளை எந்த பாக்ஸ் ஸ்கோரும் (ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டவணை) எழுதுவதில்லை. தட்டிய பந்து பார்வையாளர் பகுதிக்குப் பறந்தால் கைதட்டல் கிடைக்கும், பந்தும் எதிரணிக்கே திரும்பக் கிடைக்கும். ரஸ்ஸல் பந்தைத் தட்டிக் களத்துக்குள்ளேயே வைத்துத் தம் அணியினர் கைக்குப் போகச் செய்வார் என்று அவருடன் ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டு பிளாக்குகளும் புள்ளிவிவரத்தில் ஒன்றுதான்.

பழைய சென்டர்களை வைத்துச் சிமுலேஷன் நடத்துவோருக்கு இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. என்பிஏ பிளாக்கை அதிகாரபூர்வமாகக் கணக்கெடுக்கத் தொடங்கியதே 1973–74-இல்தான். அந்த முதல் சீசனிலேயே எல்மோர் ஸ்மித் ஒரே ஆட்டத்தில் 17 பிளாக் செய்தார். 1984–85-இல் மார்க் ஈட்டன் ஆட்டத்துக்குச் சராசரியாக 5.56 பிளாக் செய்தார். மொத்தக் கணக்கில் 3,830 பிளாக்குகளுடன் ஹகீம் ஒலாஜுவான் முதலிடத்தில் இருக்கிறார். 1973–74-க்கு முன்பே ஆடி முடித்துவிட்ட ரஸ்ஸலுக்கும் சேம்பர்லினுக்கும் அந்தப் பத்தி வெறுமையாக இருக்கிறது. மென்பொருளில் அவர்களுக்குத் தரப்பட்டிருக்கும் பிளாக் ரேட்டிங் யாரோ ஒருவரின் ஊகம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அவர்களை வரிசைப்படுத்துங்கள்.

நான் பார்ப்பது இரண்டே எண்கள். சென்டர் களத்தில் இருக்கும்போது எதிரணி வளையத்துக்கு அருகில் எத்தனை ஷாட் எறிகிறது என்பது ஒன்று, அவற்றில் எத்தனை சதவீதம் விழுகிறது என்பது மற்றொன்று. 17-ஆம் எண்காரர் பிளாக்கில் லீக்கின் ஏழாவது ஆள்தான். ஆனால் அவர் நிற்கும்போது வளையத்தடி ஷாட்டுகளின் எண்ணிக்கையே குறைகிறது. உங்கள் எஞ்சின் இந்த அச்சுறுத்தலைக் கணக்கில் எடுக்காமல் எழுதப்பட்டிருந்தால் முதல் எண் எந்த சென்டருக்கும் அசையாது. அப்போது இரண்டாவது எண்ணே போதும்.

கேள்வி: உயரம் குறைந்தவர் சிறந்த சென்டர் ஆக முடியுமா?

பதில்: நிஜத்தில் முடிந்திருக்கிறது. 2.01 மீட்டர் உயரமே கொண்ட வெஸ் அன்செல்ட், 1968–69-இல் சிறந்த புதுமுகம், மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆகிய இரண்டு விருதுகளையும் ஒரே சீசனில் பெற்றார். ஏழடியை எட்டாத பென் வாலஸ் நான்கு முறை ஆண்டின் சிறந்த தற்காப்பாளர் ஆனார். சிமுலேஷனில் உயரம் ஒரு ரேட்டிங். ரீபவுண்டு, பிளாக், வளையத்தடி எறிதல் ஆகிய மூன்று கணக்குகளிலும் அதற்கு எடை உண்டு. அன்செல்ட்டின் பரந்த தோள்களுக்கு எஞ்சினில் தனிப் பத்தி இல்லை. குள்ளமான சென்டரை நான் முன்கூட்டியே ஒதுக்குவதில்லை. ஆனால் என் பட்டியலின் பத்துப் பேரில் ஒருவர்கூடக் குள்ளர் இல்லை.

கேள்வி: என் அணியின் 55-ஆம் எண்காரர் எல்லா வகையிலும் சிறந்தவர், ஃப்ரீ த்ரோவில் மட்டும் மோசம். ஆட்டத்தின் இறுதியில் மென்பொருள் அவரை வெளியே அமர்த்திவிடுகிறது. அவரை எந்த இடத்தில் வைப்பது?

பதில்: என் லீக்கில் நடந்த ஓர் ஆட்டத்தின் வரிக்கு வரிப் பதிவு கையில் இருக்கிறது. ஆட்டம் முடிய 2 நிமிடம் 40 விநாடி. சென்டரின் அணி நான்கு புள்ளி முன்னிலை. எதிரணி அவரை வேண்டுமென்றே ஃபவுல் செய்கிறது: முதல் ஃப்ரீ த்ரோ தவறு, இரண்டாவது தவறு, ரீபவுண்டு எதிரணிக்கு. பதினோரு விநாடி கழித்து எதிரணியின் மூன்று புள்ளி ஷாட் விழுகிறது. மறுபடியும் அவரையே ஃபவுல் செய்கிறார்கள். ஒன்று விழுகிறது, ஒன்று தவறுகிறது. எதிரணி இரண்டு புள்ளி எடுத்துச் சமன் செய்கிறது. அடுத்த வரியில் பயிற்சியாளர் அவரை வெளியே அழைத்துக்கொள்கிறார். ஒரு நிமிடத்துக்குள் நான்கு புள்ளி முன்னிலை கரைந்துவிட்டது.

காட்சி இப்படி இருந்தாலும் கணக்கு வேறு மாதிரிப் பேசுகிறது. ஷகீல் ஓ'நீலின் வாழ்நாள் ஃப்ரீ த்ரோ விகிதம் 52.7 சதவீதம். அப்படிப்பட்டவரை ஃபவுல் செய்தால் இரண்டு எறிதலில் சராசரியாக 1.05 புள்ளி வரும். சாதாரணமாக ஒரு வாய்ப்பில் அணி ஈட்டுவது 1.1 புள்ளியைச் சற்று ஒட்டியது. இரண்டாவது எறிதல் தவறும்போது சில முறை தாக்கும் அணியே பந்தை மீட்கும். ஃப்ரீ த்ரோ எறியும் நேரத்தில் அதன் தற்காப்பும் நிதானமாகத் திரும்பி நின்றுகொள்ளும். ஆகவே ஓ'நீலை ஃபவுல் செய்து எதிரணி சம்பாதித்தது மிகக் கொஞ்சம். 2000 முதல் 2002 வரை மூன்று இறுதித் தொடர்களிலும் சிறந்த ஆட்டக்காரர் அவரே. ஃப்ரீ த்ரோ விகிதம் 40 சதவீதத்துக்கு இறங்கினால் வருவது 0.8 புள்ளி, அது ஒவ்வொரு முறையும் நட்டம்தான். உங்கள் 55-ஆம் எண்காரர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை நீங்கள் எழுதவில்லை. 50-க்கு மேல் என்றால் ஓரிடம் மட்டும் இறக்குங்கள்; 40-க்கு அருகில் என்றால் முதல் ஐந்தில் வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். 2016–17 சீசனிலிருந்து, ஒவ்வொரு கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களில் பந்திலிருந்து விலகி நிற்பவரை வேண்டுமென்றே ஃபவுல் செய்தால், ஒரு ஃப்ரீ த்ரோவோடு பந்தும் அதே அணிக்குத் திரும்பக் கிடைக்கும் என்று என்பிஏ விதியை மாற்றியது. மேலே நான் சொன்ன ஆட்டத்தில் முதல் ஃபவுல் அந்த எல்லைக்கு வெளியே நடந்தது. உங்கள் மென்பொருளில் எந்தக் கால விதி ஓடுகிறது என்பதைப் பொறுத்து இந்தப் பலவீனத்தின் விலை மாறும். வேண்டுமென்றே ஃபவுல் செய்வதையே அறியாத எஞ்சின்களும் உண்டு. அங்கே இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. நிஜத்தில் பலவீனம் அல்லவா என்று கேட்பீர்கள். அந்த ஆட்டக்காரர் வாழ்வது எஞ்சினுக்குள்ளே. அங்கே தோற்கடிக்காத ஒன்றுக்காக அவருடைய இடத்தைக் குறைப்பது சரியல்ல. (ஃப்ரீ த்ரோவில் மோசமானவர் என்று பெயர் வாங்கிய சேம்பர்லின், 1962 மார்ச் 2 அன்று 100 புள்ளி எடுத்த ஆட்டத்தில் 32 ஃப்ரீ த்ரோவில் 28-ஐ விழவைத்தார் என்பதையும் இங்கே சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.)

கேள்வி: முதலிடம் பெற்ற 8-ஆம் எண்காரர் பிளாக்கில் இருபது பேருக்குள்கூட வரவில்லை. அசிஸ்ட், அதாவது கூடை விழ வழிசெய்யும் பாஸ், கொடுப்பது கார்டின் வேலை அல்லவா?

பதில்: நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தோம். என்பிஏ அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளும் 2014 தேர்வில் 41-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட நிகோலா யோகிச், 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார். 2024–25 சீசனில் 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்டு, 10.2 அசிஸ்ட் என்ற சராசரியை எட்டினார். மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி கண்ட முதல் சென்டர் அவர்தான். களத்தின் நடுவில் நிற்பவர் எல்லாத் திசைகளையும் பார்க்கிறார்; அவரால் பந்தைக் கொடுக்கவும் முடியும் என்றால், அவரைக் காக்க இரண்டாவது ஆளை அனுப்பும் ஒவ்வொரு முறையும் எதிரணி வேறோர் இடத்தைத் திறந்துவைக்கிறது. 8-ஆம் எண்காரர் தாமே எடுக்கும் புள்ளிகளைவிட, அவர் களத்தில் இருக்கும்போது மற்ற நால்வரின் ஷாட் விகிதம் ஏறுவதையே நான் மதிக்கிறேன்.

ஆனால் இது லீக்கின் காலத்தைப் பொறுத்தது. மூன்று புள்ளிக் கோடு என்பிஏவுக்கு வந்ததே 1979–80-இல்தான். அதற்கு முந்தைய விதிகளில் லீக் நடத்தினால், பந்தைக் கொடுக்கும் சென்டர் திறந்துவைக்கும் ஷாட்டும் இரண்டு புள்ளி ஷாட்தான். அவருடைய விலை இறங்கிவிடும், வளையத்தடியில் முதுகு காட்டி நின்று எறிபவரின் விலை ஏறும். ஆட்டக்காரர்களே காலத்துக்கேற்ப மாறியதும் உண்டு: தம் முதல் எட்டு சீசன்களில் மூன்று புள்ளி ஷாட்டுகளில் மொத்தமே மூன்றை மட்டும் விழவைத்திருந்த புரூக் லோபஸ், 2016–17-இல் ஒரே சீசனில் 134-ஐ விழவைத்தார். சிமுலேஷன் ஆட்டக்காரர் அப்படித் திடீரென்று புதிய திறமையைக் கண்டுபிடிப்பது அரிது என்பதால், இருக்கிற ரேட்டிங்கையே நம்பி வரிசைப்படுத்தலாம்.

கேள்வி: ஃபார்வர்டு–சென்டர் என்று, அதாவது இரண்டு இடங்களிலும் ஆடுபவர்களாகக் குறிக்கப்பட்டவர்களைப் பட்டியலில் சேர்க்கலாமா?

பதில்: அவர் அதிக நிமிடங்கள் எந்த இடத்தில் ஆடினார் என்று பாருங்கள். பெயருக்கு அருகில் மென்பொருள் ஒட்டும் எழுத்துக்குப் பல எஞ்சின்களில் ஆட்டத்தின் மீது அதிகாரமே இல்லை.

கேள்வி: ஒரு சீசனின் எண்களை நம்பலாமா, குறைந்தது மூன்று சீசன்களாவது பார்க்க வேண்டுமா?

பதில்: என் பட்டியலில் நான் செய்த பிழையை ஒப்புக்கொள்ள இந்தக் கேள்வி வசதியாக வந்திருக்கிறது. சரிபாதி ஆட்டங்களை வெல்லும் வலிமையுள்ள ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 82 ஆட்டங்களில் அது 41 வெல்ல வேண்டும். ஆனால் வெறும் அதிர்ஷ்டத்தால் மட்டுமே அந்த எண்ணிக்கை நாலரை வெற்றி மேலோ கீழோ நகர்வது முற்றிலும் இயல்பு. அதே அணி, அதே ஆட்டக்காரர்கள், ஒரு முறை 37, மறுமுறை 45. ஒரு சீசனை மட்டும் வைத்துச் சென்டரின் பெருமை பேசுவது ஏறத்தாழ நாணயம் சுண்டுவதைப் போன்றது.

நிஜ லீக்கில் இதற்கு மருந்து கிடையாது. 1961–62-ஐ யாரும் மறுபடி ஆட முடியாது. நம்மால் முடியும், அதைச் செய்யாமல் ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்று வாதாடிக்கொண்டிருப்பது வீண். செய்முறை எளிது. சீசனின் தொடக்கத்தில் லீக்கின் கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் (நான் முதல் முறை இதை மறந்து, நான்கு சீசன்களின் வரலாற்றை இழந்தேன்). காயம், ஆட்டக்காரர் பரிமாற்றம் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். சென்டரை வைத்துக்கொண்டு அதே சீசனை 50 முறை ஓட்டி, வெற்றிகளின் சராசரியை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவரை நீக்கி, லீக்கின் சராசரி மாற்று சென்டர் ஒருவரை அதே இடத்தில் வைத்து மறுபடி 50 முறை ஓட்டுங்கள். இரண்டு சராசரிகளின் வித்தியாசமே அவருடைய மதிப்பு. 50 முறை ஓட்டும்போது அதிர்ஷ்டத்தின் அலைவு நாலரையிலிருந்து 0.6 வெற்றியாகச் சுருங்குகிறது. இரண்டு சராசரிகளைக் கழிக்கும்போது அது 0.9 ஆகும். எனவே இரண்டு வெற்றிக்கும் குறைவான வித்தியாசத்தை வித்தியாசம் என்றே சொல்லக்கூடாது.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 17-ஆம் எண்காரரைச் சுற்றி நன்றாக எறியும் நால்வர் இருக்கிறார்கள்; அவர் எறிய வேண்டிய தேவையே அங்கு இல்லை. கடிதங்களைப் படித்த பிறகு அவரை 41-ஆம் எண்காரரின் அணியிலும், 41-ஆம் எண்காரரை அவருடைய அணியிலும் மாற்றிவைத்து ஓட்டினேன். எறிய ஆளில்லாத அணியில் 17-ஆம் எண்காரரின் மதிப்பு கணிசமாகக் குறைந்தது. நல்ல எறிவாளர்களுக்கு நடுவே போன 41-ஆம் எண்காரர், கெட்ட ஷாட்டுகளைச் சுமக்க வேண்டிய தேவை நீங்கியதும், குறைவாக எறிந்து அதிகம் விழவைத்தார். அதன் பிறகு பத்து சென்டர்களையும் சராசரியான ஒரே அணியில் ஒருவர் பின் ஒருவராக வைத்து ஓட்டினேன். 8-ஆம் எண்காரர் முதலிடத்திலும் 17-ஆம் எண்காரர் இரண்டாம் இடத்திலும் நீடிக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு இடையிலான தூரம் நான் நினைத்ததைவிடப் பெரிது. 26, 41 ஆகிய இருவருக்கும் இடையில் ஒரு வெற்றிகூட வித்தியாசம் இல்லை. ஆகவே 41-ஆம் எண்காரரை ஐந்தாம் இடத்திலிருந்து எடுத்து 26-ஆம் எண்காரருடன் நான்காம் இடத்தில் சேர்த்து வைக்கிறேன்; அவருக்காக எழுதியவர்களின் வாதம் பாதி சரி.

கேள்வி: ஃபவுல் வாங்கி அடிக்கடி வெளியேறும் சென்டரை எப்படி மதிப்பிடுவது?

பதில்: நிமிடக் கணக்கால். என்பிஏ விதியில் ஆறு ஃபவுல், சர்வதேச விதியில் ஐந்து. லீக்கை எந்த விதியில் அமைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதே ஆட்டக்காரர் 34 நிமிடமோ 27 நிமிடமோ ஆடுவார். 36 நிமிடத்துக்கு இத்தனை என்று பெருக்கிக் காட்டும் எண்களில் அவர் பெரிய ஆளாகத் தெரிவார்; அவர் ஆடாத நிமிடங்களை மாற்று சென்டர்தான் ஆடுகிறார் என்பதை அந்தப் பெருக்கல் மறைத்துவிடும். சேம்பர்லின் தாம் ஆடிய 1,045 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட ஃபவுல் வரம்பை எட்டி வெளியேறியதில்லை.

கேள்வி: 63-ஆம் எண்காரர் பட்டியலிலேயே இல்லையே? ஆடியவரை அவரைப்போல் யாரும் ஆடவில்லை.

பதில்: ஆடியவரை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். முழங்கால் காயத்தால் அவர் ஆடியது 31 ஆட்டங்கள். காயத்தை நிறுத்தி ஓட்டிய சோதனையில் அவர் 17-ஆம் எண்காரரை ஒட்டி வருகிறார், அதை மறைக்கவில்லை. ஆனால் சென்ற இதழின் பட்டியல் நடந்து முடிந்த சீசனுக்கானது. அந்த சீசனில் அவருடைய அணி மீதி 51 ஆட்டங்களை வேறொரு சென்டரை வைத்து ஆடியது.